அழிப்பான்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, "ரப்பர் என்று சொல்லாதே, அழிப்பான் என்று சொல்" என்று இப்போது கற்பிக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆக்கல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று பெருந்தொழில்களில் கடைசியைக் கொண்டுபோய், கால்சட்டைப் பையில் கிடக்கும் ஒரு விரற்கடைப் பொருளின் தலையில் கட்டிவிட்டோமே என்று எனக்குச் சிரிப்பு வருகிறது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு அது 'லப்பர்'. செருப்பும் லப்பர், பந்தும் லப்பர், பென்சில் எழுத்தைத் தேய்ப்பதும் லப்பர். பென்சில் சீவிய தூளை வேலிக் கள்ளியின் பாலில் ஊறவைத்தால் லப்பர் ஆகிவிடும் என்று நம்பி நாள்கணக்காகக் காத்திருந்ததுண்டு. ஆகவில்லை. மரத்துப் பாலிலிருந்துதான் அந்தப் பொருள் வருகிறது என்பதைப் பார்த்தால் எங்கள் விஞ்ஞானம் அவ்வளவு மோசமில்லை.

இலக்கணக்காரர்களுக்கு இந்தச் சொல் ஒரு தலைவலி. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரா. அப்படி வரும் வேற்றுச் சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்ள வழி சொல்கிறது நன்னூல். (அதைச் செய்த பவணந்தி முனிவர் கொங்குநாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கத்தார் உரிமை கொண்டாடுவார்கள், இருக்கட்டும்.) அப்படி எழுதினால் 'இரப்பர்' ஆகும். பிச்சையெடுப்பார்கள் என்று பொருள்! இலங்கையில் எழுதும் 'இறப்பர்' இன்னும் ஒரு படி மேல், சாவார்கள்.

இவற்றுக்கு அழிப்பான் தேவலை என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டைத் துடைக்கும் இந்தப் பொருள் லண்டனில் அரை அங்குலக் கட்டி மூன்று ஷில்லிங்குக்கு விற்பதாக எழுதினார். அதற்கு முன் ரொட்டித் துணுக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். 'ரப்' என்றால் தேய், தேய்ப்பதால் ரப்பர். பொருளுக்கும் மரத்துக்குங்கூடப் பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தேய்ப்பது கைவேலை. எழுதினவனே தேய்க்கிறான், மறுபடி எழுதுவதற்காக. 'அழி' என்ற சொல்லில் அந்த 'மறுபடி' இல்லை. கோலத்தை அழித்துப் போட்டாள் என்கிறோமே என்று கேட்கலாம். அங்கே 'போட்டாள்' கூடவே வருகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதை எங்கள் ஜில்லாவே காட்டியது. பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்தவர். ஊர்ப் பேச்சு மறைந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர். 2010-ல் வெளிவந்த அவருடைய 'மாதொருபாகன்' நாவலை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை நீக்கிவிடுவதாகக்கூட அவர் சொல்லிப் பார்த்தார். நாவலைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மலையும் திருவிழாவும் இல்லாவிட்டால் காளி, பொன்னா இருவரின் துக்கத்துக்குக் கால் ஊன்ற இடமில்லை. அவரே மனம் மாறித் தேய்த்திருந்தால் அது திருத்தம். பிறர் அவர் கையைப் பிடித்துத் தேய்க்க வைத்தது வேறு.

பெயரை நீக்குவதோடு அது நிற்கவில்லை. 2015 ஜனவரி 12-ம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் நிபந்தனையில்லாத மன்னிப்புக்கு அவர் கையெழுத்திட நேர்ந்தது. தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்து, புத்தகங்கள் யாவற்றையும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கவிதைகளோடும், பூனாச்சி என்ற வெள்ளாட்டின் கதையோடும் திரும்பி வந்தார். ஆனால் அப்போது அவர் சொன்ன ஒரு விஷயத்தை என்னால் மறக்க முடியவில்லை: தமக்குள் ஒரு தணிக்கையாளன் உட்கார்ந்துகொண்டு, பிறக்கிற ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்க்கிறான் என்றார்.

எழுதுமுன்பே தேய்த்துவிடுகிற அவனுக்கு வேண்டுமானால் அழிப்பான் என்று பெயர் வைக்கலாம். பிள்ளைகளின் பெட்டியில் கிடப்பது லப்பராகவே இருக்கட்டும்.