தையில் வாங்கியதைச் சித்திரையில் படிப்போம்

சென்னையில் புத்தகம் என்றதும் எல்லோருக்கும் தை மாதம்தான் நினைவுக்கு வரும். 1977-இல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஸம் பள்ளியில் தொடங்கிய, பதிப்பாளர்-விற்பனையாளர் சங்கமான பபாசியின் கண்காட்சி, இன்று பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பெரும் திருவிழாவாக நடக்கிறது. பதிப்பகங்களின் ஆண்டுக் கணக்கே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. எழுதுகிறவர், மெய்ப்புப் பார்க்கிறவர், அச்சடிக்கிறவர் எல்லோருக்கும் மார்கழியில் தூக்கமில்லை. நாமும் பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கி வருகிறோம். பாதிப் புத்தகங்கள் பில்லோடு அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

கண்காட்சி வாங்கும் பருவம். இந்த நகரத்தின் வாசிக்கும் பருவம் சித்திரை என்பேன். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்துவிடும். பகல் பதினொன்றுக்கு மேல் வெயில் யாரையும் வெளியே விடாது. பழைய இலக்கணக்காரர்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். சென்னைவாசிக்கு அந்த 'இள' என்ற சொல்லில் ஐயம் இருக்கலாம். ஆனாலும் வேம்பு பூத்திருக்கும் அந்த நாட்களில், மின்விசிறிக்கு அடியில் கையில் ஒரு நாவலோடு உட்கார நேரம் வாய்க்கிறது.

நாட்காட்டியும் இதற்குத் துணை நிற்கிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். மறுநாள், 24, ஜெயகாந்தன் பிறந்த நாள். அவர் பிறந்தது 1934-இல். அதற்கும் மறுநாள், 25, 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனுடைய நாள். 28 உ.வே.சா. மறைந்த நாள். 29 பாரதிதாசன் பிறந்த நாள். அன்று தொடங்கி மே 5 வரை தமிழ் வாரமாகக் கொண்டாடப்படும் என்று 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. ஒரே வாரத்தில் இத்தனை பேர் வரும்போது, எதைப் படிப்பது என்று தேடிப் போகவே வேண்டாம்.

புதுமைப்பித்தனிடமிருந்து தொடங்கலாம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் வந்து நிற்பது பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனையில். இன்று அவை பிரகாசம் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை. பிள்ளை கடவுளைக் காப்பி குடிக்க அழைத்துப் போகிறார். தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கிறார். பூக்கடைப் பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே அந்த முனையில் ஒருமுறை நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கதையை மறுபடி படித்துப் பாருங்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர் பிழைக்க வந்த ஊரை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஜெயகாந்தனில் எல்லோரும் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைத்தான் சொல்வார்கள். நான் 'உன்னைப் போல் ஒருவ'னைச் சொல்கிறேன். சேரிப் பையன் சிட்டி, சித்தாள் வேலை பார்க்கும் தாய் தங்கம், அவள் வாழ்வுக்குள் வரும் கிளி ஜோசியர் மாணிக்கம். 1965-இல் அவரே இதைப் படமாகவும் எடுத்தார். தாயின் வாழ்வில் இன்னொருவர் வருவதைப் பொறுக்க முடியாத அந்தச் சிறுவனின் கோபத்தை, யாரையும் குற்றவாளியாக்காமல் அவர் எழுதியிருக்கும் விதம் எப்போது படித்தாலும் மனத்தை அசைக்கிறது.

சென்னையின் கோடைக்கென்றே எழுதியதுபோல ஒரு நாவல் உண்டென்றால் அது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த சிறிய நாவல். ஒரே நாளில் முடித்துவிடலாம். சினிமாவில் வாய்ப்புக் கிடைக்கும் என்று காத்திருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா, தெருவெல்லாம் குடத்தோடு அலையும் பெண்கள். புதுக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டுகிறார்கள். தண்ணீரில் சாக்கடை கலக்கிறது. அசோகமித்திரன் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. அடிபம்புக்கு முன்னால் ஒருத்தி நிற்கும் நிலையைச் சொன்னாலே போதும் என்று அவருக்குத் தெரியும். நாவல் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2019 கோடையில், பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அன்று லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த நாவலில் புரியாத வரி ஒன்றுகூட இருக்காது.

இன்றைய எழுத்தில் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018). சிந்தாதிரிப்பேட்டையின் பேச்சும் ஜெபமும் கூவக்கரை வாழ்வும், அந்த மண்ணில் வளர்ந்தவரின் காதால் கேட்டு எழுதப்பட்டவை. சென்னைத் தமிழைச் சிரிப்புக்காக மட்டும் பயன்படுத்திய சினிமாவுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பொறுமை உள்ளவர்கள் உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தை எடுக்கலாம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும்.

கூட்டங்களுக்கும் குறைவில்லை. கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், எழும்பூர் இக்சா மையம், மயிலாப்பூர் கவிக்கோ மன்றம் என்று வார இறுதிகளில் எங்காவது ஒரு மேடை இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி வெளியீட்டு விழாக்கள். மாலை, பொன்னாடை, ஆறேழு வாழ்த்துரைகள். நூலை முழுக்கப் படித்தவர் பேச எழும்போது மணி எட்டரை ஆகிவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்து, அந்தப் பன்னிரண்டிலிருந்து ஆண்டின் சிறந்த கதையை அறிவித்தது. சத்தமில்லாத வேலை. பல இளம் எழுத்தாளர்களை நாம் அறிந்தது அதனால்தான். இன்று நமக்கு வேண்டியது இன்னொரு மேடை அல்ல. ஒரு நூலைப் படித்துவிட்டு வந்து சுற்றி உட்காரும் பத்துப் பேர் போதும்.

பழைய புத்தகம் தேடுவோருக்கு 1985 மே 30-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்கு ஈடு இல்லை. ஆனால் ஞாயிறு காலையில் திருவல்லிக்கேணி நடைபாதைகளில் இன்னமும் ஏதாவது கைக்குக் கிடைக்கிறது.

நூலகங்களுக்கு வருகிறேன். 1896-இல் திறந்த கன்னிமாரா, நாட்டில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணி ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள், இதழ்களின் மேல் எழுந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப்பகுதியே இருக்கிறது. விடுமுறையில் ஒரு நாள் அழைத்துப் போங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது கிளை நூலகம்தான். பழைய நூல்களின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ஊதா மையில் ஒன்றன்கீழ் ஒன்றாக முத்திரைகள்; சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் நாலைந்து வருடம் வெறுமையாக. நமக்கு முன்னால் அந்த நூலை வீட்டுக்கு எடுத்துப் போனவர்களின் கணக்கு அது. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில், நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று. உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகம் எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போய் உறுப்பினராகி, 'தண்ணீர்' இருக்கிறதா என்று கேளுங்கள்.