பகைவன் தலையும் பரிவின் குரலும்

பகைவனுக்கு இரங்குவது கோழைத்தனம் என்று சொல்லிக் கொடுக்கும் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் நாம். வாள் வீசியவன் வீரன்; வீழ்ந்தவன் பெயரற்றவன்; வெற்றி முரசு கொட்டியதும் கதை முடிந்தது! வரலாற்று நவீனம் என்றால் பட்டத்து யானையும் பளிங்கு மண்டபமும் இருந்தே தீரவேண்டும் என்றெண்ணும் தோழர்களிடம் சிறு நூலொன்றை நீட்ட விரும்புகிறோம். டால்ஸ்டாய் 1896-இல் தொடங்கி 1904 வரை எழுதியும் திருத்தியும், உயிரோடிருந்தவரை அச்சுக்குத் தராமல் வைத்திருந்த 'ஹாஜி முராத்' அது. 1910-இல் அவர் மறைந்தார். 1912-இல் நூல் வெளிவந்தது. ருஷ்யாவில் அப்போதும் தணிக்கையின் கத்தரி அதை முழுதாக விட்டுவைக்கவில்லை.

ஹாஜி முராத் கற்பனை மனிதனல்லன். காகசஸ் மலைநாட்டில் ருஷ்யப் படையை எதிர்த்து நின்ற இமாம் ஷாமிலின் தளபதி. அவனோடு பகை மூண்டதால் 1851-ஆம் ஆண்டின் இறுதியில் ருஷ்யரிடம் வந்து சேர்ந்தவன். குடும்பம் ஷாமிலின் பிடியில். அதை மீட்க ருஷ்யர் உதவுவர் என்று காத்திருந்து, காத்திருந்து, 1852-இல் தானே தப்பிச் சென்றான். சுற்றி வளைத்துக் கொன்றார்கள். அவன் சரணடைந்த நாளில் டால்ஸ்டாயும் காகசஸில்தான் இருந்தார், இருபத்து மூன்று வயது இளைஞராக. சரணடைந்தது இழிசெயல் என்று அண்ணனுக்குக் கடிதமும் எழுதினார்! இளமையில் இழித்துரைத்த மனிதனுக்காக, எழுபதை நெருங்கும் வயதில் பேனாவைக் கையிலெடுத்தாரே, அந்த மனமாற்றத்தை நாம் மிகவும் மதிக்கிறோம்.

கதையின் உயிர்நாடி, நிலவொளி வீசும் ஓர் இரவு. முன்பு விருந்தினனாக வந்து தங்கிய ருஷ்யக் கோட்டைக்கே ஹாஜி முராத் திரும்பி வருகிறான். கோணிப்பைக்குள், வெட்டுண்ட தலையாக! கொண்டுவந்த அதிகாரி எடுத்துக் காட்டுகிறான். கோட்டைத் தலைவன் குடிபோதையில், "ஆனாலும் வீரனப்பா!" என்ற தோரணையில் அதை முத்தமிட வேண்டுமென்கிறான். இளம் அதிகாரி பட்லர், போர் என்றால் இப்படித்தான் என்று சமாதானம் சொல்கிறான். மரியா திமித்ரியேவ்னா என்ற பெண்மணி ஒருத்தி மட்டுமே சீறுகிறாள்: போராவது ஒன்றாவது, நீங்கள் கசாப்புக்காரர்கள்! அவள் பதவியற்றவள், படைத்தலைவனோடு வாழ்பவள், அவ்வளவே. பகைவனாயிருந்தவனைத் தன் மேசையருகே அமர்த்தி, அவன் முகத்தில் ஒரு மனிதனைக் கண்டவள்.

முத்தமிட விரும்பிய தலைவனிடம் இருப்பது பரிவா? அல்ல என்போம். வீரன் வீரனுக்குச் செய்யும் மரியாதை அது. அடுத்த தலையை வெட்டவிடாமல் அது யாரையும் தடுக்காது.

பட்லரின் நிலையோ இன்னும் வேதனையானது. ஹாஜி முராதை அவன் உள்ளன்போடு நேசித்தான். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன் செச்சென் ஊரொன்றைக் கொளுத்திய படையில் உற்சாகமாகச் சென்றவனும் அவனே! கதையின் தொடக்கத்தில் ஹாஜி முராதுக்குப் புகலிடம் தந்தானே சாதோ, அவனுடைய ஊர் அது. வீடு இடிந்தது, வைக்கோற்போர் எரிந்தது, தேன்கூடுகள் கருகின, பழமரங்கள் பாழாயின, ஊற்றுநீரும் பள்ளிவாசலும் அசுத்தமாக்கப்பட்டன. விருந்தினனை மின்னும் கண்களால் பார்த்து நின்ற சாதோவின் மகன் முதுகில் துப்பாக்கி ஈட்டி பாய்ந்து பிணமானான். ஊராருக்கு எழுந்த உணர்ச்சி வெறுப்புக்கூட அல்ல. இவர்களை மனிதரென்றே ஏற்க முடியாத அருவருப்பு என்கிறார் ஆசிரியர். பட்லரின் நட்பையும் இந்தச் சாம்பலையும் அருகருகே வைத்துவிட்டு வாய்மூடிக் கொள்கிறார். உபதேசம் செய்தே ஓய்ந்த கிழவர், இங்கே ஒரு சொல் உபதேசிக்கவில்லை!

அவ்தேயெவ் என்ற ஏழைச் சிப்பாயையும் மறக்க இயலாது. பிள்ளைகுட்டிக்காரனான சகோதரனுக்குப் பதிலாகப் பட்டாளம் சேர்ந்தவன். இரவுக் காவலில் செச்சென் தூதரோடு சிறிது பேசிப் பார்த்து, இவர்களும் நம்மவர் போலத்தான் என்று வியக்கிறான். மறுநாள் குண்டடி பட்டுச் சாகிறான். அரசாங்க அறிக்கையோ, எதிரிகளில் நூறு பேர் வீழ்ந்ததாகப் பெருமையடித்துக் கொள்கிறது.

தணிக்கைக்காரர் நடுங்கியது ஜார் நிக்கோலஸ் வரும் அத்தியாயத்தைக் கண்டு. நடுங்காமலிருப்பார்களா? போலந்து மாணவன் ஒருவனை ஆயிரம் பேர் கொண்ட வரிசையினூடே பன்னிரண்டு முறை நடத்தி அடிக்கச் சொல்லிவிட்டு, நம் நாட்டில் மரணதண்டனை இல்லையென்று ஆண்டவனுக்கு நன்றி செலுத்துகிறான் மன்னன்! மறுபக்கம் ஷாமிலும் தொழுகை தவறாதவன். ஹாஜி முராதின் மகனைக் குழியில் அடைத்து, கண்ணைப் பிடுங்குவேன் என்று மிரட்டுபவன். இரு கொடுங்கோலர் வாயிலும் இறைவன் பெயர். இரக்கமோ, இறைவனை அழைக்க நேரமின்றிச் சினந்து கத்திய ஒரு பெண்ணின் வாயில்.

நூலில் நமக்கொரு குறையும் உண்டு. ஹாஜி முராதின் வாள் பறித்த உயிர்களை ஆசிரியர் விரைவாகக் கடந்து செல்கிறார். அழகும் ஆண்மையும் நிறைந்தவனுக்கு இரங்குவது எளிதுதானே. சாதோவின் மகனுக்காக அந்தக் கோட்டையில் கண்ணீர் விட்டவர் ஒருவருமில்லை. அவன் தலையை யாரும் கோணிப்பையில் கொண்டுவந்து காட்டவில்லை.