பிடிக்க ஆளில்லாத எக்ஸெப்ஷன்

2022 டிசம்பரில், எம்எல் குடும்பத்துப் பங்ஷனல் மொழியான ஓகேமலின் 5.0 பதிப்பு வெளிவந்தது. ஒரே நிரலைப் பல பிராசஸர் கோர்களில் ஒருசேர ஓடவைப்பதற்காகப் பல ஆண்டுகள் நடந்த உழைப்பின் பலன் அது. அந்த உழைப்பை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் சென்னை ஐஐடியின் பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன். அதே பதிப்பில் 'எஃபெக்ட் ஹேண்ட்லர்' என்ற வசதியும் வந்தது. ஒரு பங்ஷன் பாதியில் நின்று, தன்னை அழைத்த இடத்தில் ஒன்றைக் கேட்டு, பதில் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லையென்றால் 'அன்ஹேண்டில்டு' என்ற எக்ஸெப்ஷன், அதாவது நிரல் ஓடும்போது எறியப்படும் பிழை அறிவிப்பு, கிளம்பும். அதையும் பிடிக்க ஆளில்லையென்றால் நிரல் நின்றுவிடும். இப்படி நடக்கக்கூடும் என்று கம்பைலர் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இந்த மௌனம் புதிதல்ல. எம்எல் குடும்பத்து மொழிகளின் பெருமையே டைப் சோதனைதான். எண்ணை எழுத்தோடு கூட்ட முயன்றால் நிரல் ஓடுவதற்கு முன்பே தடுத்துவிடும். ஆனால் பட்டியலில் தேடித்தரும் 'ஃபைண்ட்' பங்ஷனின் டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பொருள் என்ன வகை என்பதை அது சொல்கிறது. கிடைக்காவிட்டால் 'நாட் ஃபவுண்ட்' என்ற எக்ஸெப்ஷன் எறியப்படும் என்பதைச் சொல்வதில்லை. பாதி உண்மையைச் சொல்லும் டைப் என்றே இதை நான் எண்ணுகிறேன்.

இதனால் வரும் சேதம் சிறியதல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஏறக்குறைய 40 நொடிகளில் சிதறியது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எழுந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்க அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படி மாற்றப்படும் ஏழு மதிப்புகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு இருந்தது. அந்த நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது, பங்ஷனல் மொழியல்ல. பிரச்சினை மட்டும் இதுவேதான்.

பங்ஷனல் மொழிகளில் இதைச் சோதிப்பது ஏன் கடினம்? அங்கே பங்ஷனே ஒரு மதிப்பு. அதை இன்னொரு பங்ஷனிடம் கொடுக்கலாம். பட்டியலின் ஒவ்வொரு பொருள் மீதும் ஒரு பங்ஷனை ஓட்டும் 'மேப்' தானாக எதையும் எறிவதில்லை. அதனிடம் கொடுத்த பங்ஷன் எதை எறியுமோ அதுதான் வெளியே வரும். மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மில்லில் எது கழித்துத் தள்ளப்படும் என்பது லாரியைப் பொறுத்ததல்ல, அதில் ஏற்றிய குலையைப் பொறுத்தது. போதாக்குறைக்கு எம்எல்லில் எக்ஸெப்ஷனும் ஒரு மதிப்பு. அதைச் சேமித்துவைத்து, கைமாற்றி, வேறெங்கோ எறியலாம். ஆகவே நிரல் எந்த வழியில் ஓடும், மதிப்புகள் எங்கெங்கே போய்ச்சேரும் என்ற இரண்டையும் சேர்த்தே கணிக்கவேண்டும்.

1994இல் கொரிய ஆய்வாளர் குவாங்கன் யி, ஸ்டாண்டர்ட் எம்எல் நிரல்களில் பிடிபடாத எக்ஸெப்ஷன்களைக் கம்பைல் செய்யும்போதே கண்டுபிடிக்கும் முறையை முன்வைத்தார். நிரலை ஓட்டாமலேயே, அது எடுக்கக்கூடிய மதிப்புகளைத் தோராயமாகக் கணிக்கும் வழி அது. செலவு அதிகம். 1997இல் சுக்யோங் ரியூவோடு சேர்ந்து, செலவு குறைந்த வழியை அவரே தந்தார். 1999இல் பிரான்சின் ஸேவியர் லெரோய், பிரான்சுவா பெஸ்ஸோ இருவரும் வேறு திசையில் போனார்கள். பங்ஷனின் டைப்பில் உள்ளீட்டையும் விளைவையும் இணைக்கும் அம்புக்குறி மீதே, அந்தப் பங்ஷன் எறியக்கூடிய எக்ஸெப்ஷன்களின் கணத்தை எழுதிவைத்தார்கள். அந்தக் கணத்திலும் மாறிகள் இருந்ததால் 'மேப்' போன்றவற்றின் நடத்தையைச் சரியாகச் சொல்ல முடிந்தது. நிரலர் கூடுதலாக ஒரு வரிகூட எழுதவேண்டியதில்லை. இத்துறையில் இதைவிட அழகான வேலையை நான் படித்ததில்லை. அவர்கள் செய்த கருவியின் பெயர் ஓகேமல்எக்ஸ்சி. மொழி வளர்ந்தது, கருவி கூடவே வளரவில்லை.

மற்ற மொழிகளும் தங்கள் வழியில் முயன்றன. ஜாவா, எறிவதை எழுதிக்காட்டும்படி நிரலரைக் கட்டாயப்படுத்தியது. பலர் பிடிக்கும் பகுதியான 'கேட்ச்'சைக் காலியாக எழுதிப் பிழையை விழுங்கினார்கள். 2014இல் ஜாவா 8 லாம்ப்டாவை, அதாவது மதிப்பாகக் கைமாற்றக்கூடிய பெயரில்லாப் பங்ஷனை, கொண்டுவந்தபோது அந்தக் கட்டாயம் அதோடு ஒத்துப்போகவே இல்லை. கணத்தில் மாறி வேண்டும் என்பதை லெரோய் குழு ஏன் வலியுறுத்தியது என்பது அப்போது விளங்கியது. ஹாஸ்கெல் மொழி, தோல்வியை 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்னும் 'மேபி' டைப்பிலேயே வைக்கச் சொல்கிறது. ஆனாலும் காலிப் பட்டியலின் முதல் உறுப்பை, அதாவது 'ஹெட்'டை, கேட்டால் நிரல் நிற்கும். ஓகேமல் 2017இல், கிடைக்காததை எறியாமல் டைப்பிலேயே காட்டும் 'ஃபைண்ட் ஆப்ட்' போன்ற மாற்றுப் பங்ஷன்களைத் தந்தது. இவை நல்ல பழக்கங்கள். பழக்கம் சோதனைக்கு ஈடாகாது.

ஓகேமல் 5 எஃபெக்ட்டுகளை டைப்பில் காட்டாமல் விட்டதற்குக் காரணம் உண்டு: உலகெங்கும் ஓடும் பழைய நிரல்கள் உடையக்கூடாது. அந்த முடிவை மதிக்கிறேன். ஆனால் டான் லெய்யன் உருவாக்கிய கோகா மொழியில், ஒரு பங்ஷன் எக்ஸெப்ஷன் எறியுமா என்பது டைப்பிலேயே தெரிகிறது. 1999இன் அதே மாறி உத்திதான் அங்கேயும். முடியாத காரியமல்ல என்பதற்கு அதுவே சான்று.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் உள்ள யுனிசெல் பல்கலைக்கழக வளாகத்திலும் பிற இடங்களிலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஓகேமல் இலவசம், அதன் கம்பைலர் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்கு இன்னொரு செயலி செய்வதைவிட, இன்றைய ஓகேமலுக்கு ஓகேமல்எக்ஸ்சி போன்ற சோதனைக் கருவியின் ஒரு சிறு பகுதியையாவது எழுதிப்பாருங்கள்.