பந்தைத் தொடாத கால்

பைசிக்கிள் கிக்கில் விழுந்த ஒரு கோலைத் திரும்பப் போட்டுக் காட்டும்போது எல்லார் கண்ணும் பந்தை உதைக்கும் காலின் மேல் இருக்கும். என் கண் மற்றக் காலைத் தேடிப் போய்விடும். அந்தக் கால் பந்தைத் தொடுவதே இல்லை. ஆனால் உதையின் விசையும் அழகும் அதில்தான் பிறக்கின்றன.

வலதுகாலால் உதைக்கப் போகிறவர் அதே வலதுகாலை மண்ணில் அழுத்தித்தான் எழும்புகிறார். முதலில் மேலே போவது இடதுகால். முதுகு பின்னால் சரிகிறது, தலை தாழ்கிறது, உடம்பு அந்தரத்தில் படுத்த நிலைக்கு வருகிறது. அப்போது இடதுகால் சடாரென்று கீழே இறங்க, வலதுகால் மேலே பாய்ந்து தலைக்கு மேல் பந்தைச் சந்திக்கிறது. தரையில் நின்று உதைப்பவருக்கு ஊன்றிய காலை மண் தாங்கிக்கொள்ளும். அந்தரத்தில் ஊன்ற இடமில்லை. கிணற்று ராட்டினத்தில் ஒரு வாளி இறங்கினால்தான் இன்னொரு வாளி ஏறும், அதே கணக்குதான். முதல் கால் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகம் இரண்டாவது காலுக்கு. சைக்கிள் பெடலை மிதிப்பது போன்ற இந்த மாற்றத்தால்தான் பெயரே வந்தது. முதல் கால் சோம்பினால் பந்து காற்றில் வெறுமனே எம்பி, கோல்கீப்பர் கையில் பூப்போல வந்து விழும்.

உதைத்த பிறகு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: விழ வேண்டும். கைகளால் தரையை வாங்கி, தோளிலும் மேல்முதுகிலும் பாரத்தைப் பரப்பி இறங்க வேண்டும். விழுவதற்கு அஞ்சுகிறவரின் முதுகு பாதியிலேயே நிமிர்ந்துவிடும், உதை கெட்டுவிடும். நல்ல பைசிக்கிள் கிக்கில் விழப்போகிறோம் என்ற எண்ணமே உடம்பில் தெரியாது.

நான் பார்த்தவற்றில் முதலிடம் ரிவால்டோவுக்கு. 2001 ஜூன் 17, பார்சிலோனாவின் காம்ப் நூ. ஸ்பெயின் லீகின் கடைசி நாள். நான்காம் இடம் பிடிப்பவருக்கே கடைசி சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. ரிவால்டோவின் பார்சிலோனாவுக்கு எதிரே நின்ற வாலென்சியாவுக்குச் சமன் செய்தாலே போதும். ரிவால்டோ ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார், வாலென்சியாவின் பராஹா சமன் செய்தார். ரிவால்டோ தூரத்திலிருந்து இன்னொன்று அடித்தார், பராஹா அதையும் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஃபிராங்க் டி போயர் உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். பெனால்ட்டி பாக்ஸின் விளிம்பில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற ரிவால்டோ அதை மார்பில் வாங்கினார். வாங்கியதைக் காலடியில் இறக்கவில்லை, மேலே எழுப்பினார். பிறகு அதன் கீழே தன்னைக் கிடத்தி, இடதுகாலால் அடித்தார். கோல்கீப்பர் கான்யிசாரெஸ் பாய்ந்தும் எட்டவில்லை. 3-2.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், மற்றவர்கள் வந்த பந்துக்குப் பதில் சொல்கிறார்கள். ரிவால்டோ தன் பந்தைத் தானே செய்துகொண்டார். வேறு வழி இல்லாதபோது மட்டுமே பைசிக்கிள் கிக் அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. தலையால் முட்டக்கூடிய பந்துக்கு மல்லாந்து விழுவதை நான் ரசிப்பதில்லை. அந்த அளவுகோலுக்கு இலக்கணம் 1982 உலகக் கோப்பை அரையிறுதி: செவில்லில் பிரான்ஸுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில், ஹ்ரூபெஷ் தலையால் திருப்பிவிட்ட பந்தை மேற்கு ஜெர்மனியின் கிளாவ்ஸ் ஃபிஷர் மல்லாந்து உதைத்து 3-3 ஆக்கினார். நின்றபடி அந்தப் பந்தை எடுத்திருக்க முடியாது. ரிவால்டோ அந்தக் கட்டாயத்தையும் கடந்து போய்விட்டார்.

இந்த உதை எங்கே பிறந்தது என்ற வழக்கு தென் அமெரிக்காவில் இன்னும் தீரவில்லை. சிலி நாட்டவர் தால்காவானோ துறைமுகத்தைக் காட்டுவார்கள். ஸ்பெயினின் பில்பாவோவில் பிறந்து தால்காவானோவில் குடியேறிய ரமோன் உன்சாகா 1914இல் அடித்தார் என்பார்கள். பெரு நாட்டவர் காயாவ் துறைமுகத்தைக் காட்டி, ‘சலாக்கா’ என்று அந்த ஊரின் பெயராலேயே இதை அழைப்பார்கள். ஸ்பெயினில் நிலைத்த பெயர் ‘சிலேனா’, சிலிக்காரி. அந்தப் பெயர் பரவக் காரணமானவர்களில் ஒருவர் டேவிட் அரெயானோ. கோலோ கோலோ கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான அவர், 1927இல் தன் அணியோடு ஸ்பெயினுக்கு வந்து இந்த உதையைக் காட்டினார். வயாதொலித்தில் ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரரோடு மோதியதில் வயிற்றில் அடிபட்டு, மறுநாள் இறந்துபோனார். அந்தக் கிளப்பின் சின்னத்துக்கு மேலே இருக்கும் கறுப்புப் பட்டை அவருக்கான துக்கம். பத்தாண்டு கழித்து பிரேசிலின் லியோனிதாஸ் இதை உலகறியச் செய்தார்.

பக்கவாட்டில் சாய்ந்து இரு கால்களையும் கத்தரிபோல வீசும் சிசர் கிக்கை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 1986இல் மெக்சிகோவின் நெக்ரெத்தே பல்கேரியாவுக்கு எதிராக அஸ்தெக்கா மைதானத்தில் அடித்தது அந்த வகை. அங்கே கோல் கண்ணுக்குத் தெரியும். பைசிக்கிள் கிக்கில் பந்து தெரியும், கோல் தெரியாது; கோல் இருக்கும் இடத்தை முதுகு நினைவில் வைத்திருக்க வேண்டும். கொலம்பிய கோல்கீப்பர் ஹிகீட்டா 1995இல் வெம்ப்ளியில் செய்த தேள் உதையில் நடப்பதோ தலைகீழ். முன்னால் பாய்ந்து, இரண்டு குதிகால்களையும் முதுகுக்கு மேல் வளைத்துப் பந்தை வெளியே தள்ளினார். பந்து காலில் படும் நொடியில் அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இப்ராகிமோவிச் 2012இல் இங்கிலாந்துக்கு எதிராக வெகுதூரத்திலிருந்து அடித்ததில் துணிச்சல் அதிகம். காலியான கோல் என்பதால் எனக்கு ஒரு படி கீழே. கிறிஸ்டியானோ ரொனால்டோ 2018 ஏப்ரலில் தூரின் நகரில் அடித்ததில் அந்தக் குறை இல்லை. கார்வஹாலின் கிராஸ் வந்தபோது ரொனால்டோவின் பாதம் இரண்டு மீட்டருக்கும் மேலே இருந்தது, கோலில் பூஃபோன் நின்றார். பந்து உள்ளே போனதும் எதிரணியான யுவென்டஸின் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். தங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் அது. ரொனால்டோ நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார்.

அந்த ரசிகர்களுக்கு இந்த உதை புதிதல்ல. யுவென்டஸின் கார்லோ பரோலா ஒரு டிஃபெண்டர். 1950 ஜனவரி 15 அன்று ஃபியோரென்டினாவுக்கு எதிராக, தன் கோலை நோக்கி வந்த ஆபத்தை அந்தரத்தில் மல்லாந்து வெளியே உதைத்தார். கொர்ராதோ பாங்கி என்ற புகைப்படக்காரர் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார். பானினி ஸ்டிக்கர் பாக்கெட்டின் மேல் பல்லாண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் உருவம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு கால் உச்சியில் நீண்டிருக்கிறது, மற்றது கீழே மடங்கியிருக்கிறது. பந்து எங்கே போய் விழுந்தது என்று படத்தில் இல்லை. ஆட்டம் 0-0 என முடிந்தது.