அறிவித்தலும் பங்கும்: தேசவழமைப் பனுவலும் புலம்பெயர்ந்த கூட்டுரிமையாளரும்

முன்னுரை

ஸ்காபரோவில் வாழும் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பெட்டகங்களில் பழைய உறுதிகள் உள்ளன. காணியின் பெயர், நான்கு எல்லை, பரப்பளவு, 'பிரிபடாத பங்கு' என்னும் தொடர், அதனோடு 'கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு' என்னும் தொடர் ஆகியன அவற்றில் காணப்படும். உறுதியை வைத்திருப்பவர் நிலத்தை விட்டு நீங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்திருக்கும். நிலத்தைச் செய்கை பண்ணுபவர் ஊரில் தங்கிவிட்ட உடன்பிறப்பாகவோ மச்சானாகவோ இருப்பார். இவ்விருவருக்கும் இடையே எழும் பிணக்கை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினா இதுவரை வழக்கறிஞர்களின் வினாவாகவே இருந்து வந்துள்ளது. அது பனுவல் வாசிப்புப் பற்றிய வினாவும் ஆகும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தேசவழமைச் சட்டத்தை ஆராய்ந்தோர் அதன் தோற்றத்தைத் தேடிய அளவுக்கு அதன் நடைமுறை உள்ளத்தைத் தேடவில்லை. அவ்விடுபாடு இன்று பிரிவினை வழக்குகளில் வெளிப்படுகின்றது.

'காணி' என்னும் சொல்

தமிழில் 'காணி' நிலத்தைக் குறிக்கும். கீழ்வாய் இலக்கத்தில் எண்பதில் ஒரு பங்கையும் குறிக்கும். உரிமை என்னும் பொருளும் அதற்கு உண்டு. நிலம், பின்னம், உரிமை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய சமூகம் நிலவுரிமையைப் பங்காகவே கருதியிருத்தல் இயல்பு. ஸ்காபரோவின் நிலவரலாறு இதற்கு மாறானது. 1793ஆம் ஆண்டு ஒகஸ்டஸ் ஜோன்ஸ் அப்பகுதியை அளந்தபோது, குடியேற்றத்திற்கு முன்னரே நேர்கோடுகள் வரையப்பட்டு, நிலம் தனித்தனித் துண்டுகளாக வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ குடும்பம் பெருகப் பெருகப் பங்கு சிறுத்தது. நிலம் பல வேளைகளில் ஒன்றாகவே கிடந்தது.

ஒரு கணக்கு இதனை விளக்கும். தோட்டக்காணிக் கணக்கில் ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி. ஆறு பரப்புத் தோட்டக்காணி ஒன்று 108 குழி கொண்டது. உரிமையாளருக்கு நான்கு பிள்ளைகள், அவர்களுள் ஒருவருக்கு மூன்று, அம்மூவருள் ஒருவருக்கு நான்கு எனக் கொண்டால், மூன்றாம் தலைமுறையில் ஒருவரின் பங்கு 48இல் ஒன்று. அதாவது இரண்டேகால் குழி. இந்நிலப்பரப்பில் வெங்காயப் பாத்தி சில அமைக்கலாம். தனிக் கிணறு தோண்ட இயலாது. ஆறில்லாத சுண்ணக்கற் பூமியில் கிணறே வேளாண்மையின் உயிர். ஆகவே நிலம் பிரிந்தாலும் கிணறு பொதுவாகவே நின்றது. நீர் முறைவைத்து இறைக்கப்பட்டது. பிணக்குகள் பெரும்பாலும் மண்ணைப் பற்றித் தொடங்கி நீர்முறையிலும் வழியிலும் முற்றுகின்றன.

பனுவலும் அதன் வாசகர்களும்

தேசவழமை என நாம் வழங்கும் தொகுப்பு ஆளுநர் கொர்னெலிஸ் யோவான் சைமன்ஸின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரியால் 1707இல் நிறைவு செய்யப்பட்டது. அதனை யான் பீரூஸ் தமிழாக்க, பன்னிரு முதலியார்கள் பார்த்து ஒப்புதல் அளித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். ஆகவே வாய்மொழி வழக்கம், ஒல்லாந்த எழுத்து, தமிழ்ப் பெயர்ப்பு, ஆங்கிலச் சட்டம் என்னும் நான்கு அடுக்குகளைக் கொண்ட பனுவல் இது.

1862இல் முத்துக்கிருஷ்ணா வெளியிட்ட பதிப்பு நீதிமன்றத் தீர்ப்புகளையும் இணைத்துப் பெருந்தொண்டு புரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் எச். டபிள்யூ. தம்பையாவின் ஆய்வே தலைமை பெற்றது. நீதியரசராக விளங்கிய அவர் பின்னர் கனடாவில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் பணியாற்றினார். மலையாள நாட்டு மருமக்கள்தாயத்தின் எச்சங்கள் தேசவழமையில் உள்ளன என்பது அவருடைய புகழ்பெற்ற கருதுகோள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பகுப்பை விளக்க அது பெரிதும் உதவியது. ஆயினும் அவ்வாசிப்பு பனுவலை ஒரு மூலத்தின் சிதைவாகக் காணும் பழக்கத்தை நமக்கு ஏற்படுத்தியது. சொத்து எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி மேலோங்க, கூட்டாக உடையோர் ஒருவரோடொருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்வி பின்தள்ளப்பட்டது.

விற்பனை பற்றிய பகுதியை மீண்டும் வாசித்தால் இது தெளிவாகும். நிலத்தை விற்க விரும்புபவர் முற்காலத்தில் தம் உரித்தாளிகளுக்கும் கூட்டுப் பங்காளிகளுக்கும், அந்நிலத்தை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வழக்கம் எனப் பனுவல் கூறுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் இம்முறை மாறி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் அறிவித்தல் ஏற்பட்டது. வடிவம் மாறினாலும் கடமை மாறவில்லை. முன்வாங்கும் உரிமை அக்கடமையிலிருந்தே கிளைக்கின்றது. சொல்லப்படாதவர் வாங்க முன்வர முடியாது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைப் பிரிபடாத பங்கின் கூட்டுரிமையாளருக்கும் மரணசாசனமின்றி உரித்துப் பெறக்கூடியோருக்கும் என வரையறுத்தது. அயலவர் நீங்கினர், அறிவித்தல் நிலைத்தது.

பிரிவினைச் சட்டத்தின் இரு முகங்கள்

1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலாக, 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழியே, இன்று நடைமுறையிலுள்ள 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம் வரையில் ஒரு நெறி தொடர்கின்றது: எக்கூட்டுரிமையாளரும் பிரிவினை கோரலாம். எவரையும் கூட்டுரிமையில் கட்டிவைக்க இயலாது என்பது நியாயமே. 1903இல் மாதர் எதிர் தாமோதரம்பிள்ளை வழக்கில், பிரிவினை வழக்கை வாதி பிரதிவாதியரின் பிணக்காக மட்டும் நீதிமன்றம் கருதலாகாது என்றும், உரித்தைத் தானே ஆராய வேண்டும் என்றும் வலியுறுத்தப்பட்டது. சட்டத்தின் ஒரு முகம் இது.

மறு முகம் இறுதித் தீர்ப்பின் வன்மை. 48ஆம் பிரிவின்படி, குறுகிய விதிவிலக்குகள் நீங்கலாக, இறுதிக் கட்டளை அனைவரையும் பிணிக்கும். நடைமுறைக் குறை இருப்பினும், உரிய எல்லோரும் தரப்பினராக்கப்படாதிருப்பினும் பிணிக்கும். அவ்வன்மைக்கு ஈடாகவே வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிதல், நிலத்தில் அறிவித்தல் ஒட்டுதல், பறையறைவித்தல் ஆகிய ஏற்பாடுகள் உள்ளன. இவை யாவும் நிலத்தின்மேல் நிகழ்வன. உரிமையாளர் கேட்கும் தூரத்தில் வாழ்கிறார் என்னும் அனுமானம் இவற்றுக்கு அடிப்படை. எக்லின்டன் வீதியிலோ மார்க்கம் வீதியிலோ வாழ்பவரின் செவிக்கு அப்பறை எட்டாது.

காலாவதிச் சட்டம் மட்டும் இங்கே தொலைவிலுள்ளோருக்கு ஓரளவு காப்பாகின்றது. கொரேயா எதிர் ஈசரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் வகுத்த விதியின்படி, ஒரு கூட்டுரிமையாளரின் ஆட்சி எல்லோருடைய ஆட்சியாகவும் கொள்ளப்படும். பத்தாண்டு தனித்துச் செய்கை பண்ணியதனால் மட்டும் அவர் முழு உரிமை பெறமாட்டார். பிறர் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கியமை நிறுவப்படல் வேண்டும்.

இவ்விதியை ஊரிலிருப்பவரின் நிலையிலிருந்தும் நோக்குதல் தகும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, மீண்டுவந்து பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கதியால் நட்டு வேலியடைத்துக் காணியைக் காத்தவர் அவர். ஆண்டுகள் கடந்தும் உரிமை அவருக்கு முழுமையாவதில்லை. தெளிந்த உறுதியின்றி அக்காணியை ஈடுவைத்து வங்கிக் கடன் பெறுதல் அவருக்கு அரிது. விற்கவும் இயலாது, விட்டுச் செல்லவும் மனம் வராது. இந்நிலையில் அவர் வழக்கிடுவதைப் பேராசை எனக் கொள்வது பிழை. புலம்பெயர்ந்தோர் பேச்சில் அடிக்கடி கேட்கும் 'காணியைப் பிடித்துவிட்டான்' என்னும் முறைப்பாடு அவருடைய உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அதேபோல் 'வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணி எதற்கு' என்னும் ஊர்ப்பேச்சு, சீதனமாகத் தாய் பெற்ற நிலத்தின்மேல் மகளுக்குள்ள உரிமையைக் காண்பதில்லை. சீதனம் பெற்ற மகளுக்கு எஞ்சிய சொத்தில் பங்கில்லை என்னும் பழைய விதியையும், ஓர் உறுதி சீதனமா நன்கொடையா என்னும் வாதத்தையும் இரு தரப்பினரும் தத்தமக்கு வாய்ப்பாகவே எடுத்தாள்கின்றனர்.

தீர்வுக்கான வாசிப்பு

வழக்கு ஒரு வழி. ஆயினும் இரண்டேகால் குழிப் பங்குகளை வழக்கால் பிரித்தல் அரிது. பிரிக்க இயலாதபோது சட்டம் விற்பனைக்கு வழிசெய்கின்றது: முதலில் கூட்டுரிமையாளரிடையே, பின்னர் பொது ஏலத்தில். அவ்வேளை பணவலிமை உடையவர் வெல்வார். பெரும்பாலும் அவர் செய்கைக்காரராக இரார்.

எஞ்சுவது இணக்கப் பிரிவினை. இதற்குத் தேசவழமையின் அறிவித்தற் கடமையை முன்மாதிரியாகக் கொள்ளலாம். முதலாவது, தலைமுறை வரிசையை எழுதி, இறந்தோர், புலம்பெயர்ந்தோர், பெண்வழி உரித்தாளர் ஆகிய எல்லோரையும் சேர்த்து, எல்லோருக்கும் அனுப்புதல். பிணக்குகள் பலவற்றில் விடுபட்ட ஒரு பெயரே வேராக உள்ளது. இரண்டாவது, உரிமம் பெற்ற நில அளவையாளரின் படத்தில் நிலத்தைப் பிரிக்குமுன் கிணறு, வழி, வாய்க்கால் ஆகியவற்றைப் பொதுவாக ஒதுக்குதல். மூன்றாவது, செய்கைக்காரரின் மேம்பாடுகளை மதிப்பிட்டு, அவர் திருத்திய பகுதியை இயன்றவரை அவருக்கே ஒதுக்கி, ஏனையோருக்குப் பணமாக ஈடுசெய்தல். நான்காவது, அனைத்தையும் நொத்தாரிசு முன்னிலையில் பிரிவினை உறுதியாக எழுதிப் பதிதல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் நிலவுரிமை மாற்றத்துக்கு நொத்தாரிசு எழுத்தை வேண்டுவதால், தொலைபேசியில் உடன்பிறந்தார் செய்துகொள்ளும் வாய்ப்பேச்சு நிலத்தின்மேல் நில்லாது. ரொறன்ரோவிலிருந்து ஒப்பமிடுவோர் அற்றோர்ணித் தத்துவத்தை அந்த ஒரு காணிக்கும் அந்த ஒரு செயலுக்கும் என வரையறுத்தல் நன்று. பொதுத் தத்துவம் புதிய பிணக்குக்கு வித்தாகலாம்.

முடிவுரை

தேசவழமை பெண்ணுரிமையிலும் சாதிநிலையிலும் குறைகள் மலிந்த பனுவல். அடிமைகள் பற்றியும் அதில் விதிகள் உண்டு. அதனை முழுமையாகப் போற்றுவதற்கு இடமில்லை. ஆயினும் பங்காளிக்குச் சொல்லாமல் நிலத்தில் எதுவும் செய்யலாகாது என்னும் அதன் உள்ளீடு தூரம் பெருகிய இக்காலத்தில் மேலும் தேவைப்படுகின்றது. ஸ்காபரோவில் உறுதிகளை வைத்திருக்கும் முதல் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. காணியின் பெயரையும் எல்லையையும் பங்காளிகளின் உறவுமுறையையும் நினைவில் வைத்திருப்போர் அவர்களே. அடுத்த தலைமுறையினருள் பலருக்கு உறுதியின் தமிழ் வாசிப்பதற்கே அரிது. தமிழியல் ஆய்வாளர் உறுதிகளையும் தோம்புகளையும் வரலாற்றுச் சான்றுகளாக மட்டும் தொகுக்காமல், அவற்றின் சொல்லாட்சியை விளக்கும் கையேடுகளையும் ஆக்கித் தருதல் வேண்டும். பங்கு பிரிக்க அமர்வோருக்கு முதலில் தேவைப்படுவது அதுவே.