பொய்க்கதையும் மெய்ப்பொருளும்

பெங்களூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கன்னடப் பாடத்தின் வழியாகப் ‘புண்யகோடி’ என்னும் பசுவை அறிந்துகொள்கின்றனர். ‘கோவின ஹாடு’ எனப்படும் அந்நாட்டுப்பாடலில், பசித்த புலியின் பிடியில் அகப்பட்ட பசு, கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாகச் சொல்லி விடைபெறுகிறது. சொன்னபடியே திரும்பி வருகிறது. கதையை வீட்டில் சொல்லும் பிள்ளை, “பசுவும் புலியும் பேசுமா? இது பொய்தானே?” என்று கேட்பதும் உண்டு. “கதை பொய், அதிலுள்ள நீதிதான் மெய்” என்று நாம் எளிதில் விடையிறுத்து விடுகிறோம். அவ்விடை போதுமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் கண்ட பொய்

இவ்வினா நமக்குப் புதியதன்று. உரைநடையின் வகைகளைச் செய்யுளியலில் வகுத்துக் கூறும் தொல்காப்பியர், உண்மைப் பொருளோடு பொருந்தாத புனைந்துரையையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஒழுகியதாகச் சொல்லும் கதையை எடுத்துக்காட்டுகிறார். பொய் என்று பெயரிட்ட பின்னரும் அதனை ஒதுக்காது, இலக்கணத்தில் இடமளித்த நுட்பம் எண்ணத்தக்கது. விலங்கு பேசாது என்பதை அவர்களும் அறிவர். ஆதலின், ‘நடந்ததா?’ என்பது கதையை அளக்கும் கோலாகாது என்று துணியலாம்.

ஒரு பசு, மூன்று நகரங்கள்

கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடித்து முறையிட, தன் மகன்மீதே தேர்க்காலைச் செலுத்திய மன்னனின் கதை தமிழர் அனைவரும் அறிந்தது. சிலப்பதிகாரத்தில் அது புகார் நகரின் பெருமையாக வருகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் அதனைத் திருவாரூரில் நிகழ்ந்ததாக விரித்துரைக்கிறார். இலங்கையின் மகாவம்சமோ, சோழநாட்டிலிருந்து சென்று அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் அதனை ஏற்றிச் சொல்கிறது. எல்லாளனோடு போரிட்ட துட்டகாமணியைப் போற்றும் அந்நூலே, பகைவனுடைய நடுநிலைக்கு இக்கதையால் சான்று பகர்கிறது!

மூன்று ஊர்களுள் எது மெய்யான ஊர் என்று வழக்காடுவதில் பயனில்லை. ஆள்வோன் தன் மகனுக்கும் ஒரு கன்றுக்கும் ஒரே நீதி வழங்க வேண்டும் என்னும் வேட்கை மூன்றிடத்தும் மாறவில்லை. மாறியது முடிவு ஒன்றே. சேக்கிழார் காப்பியத்தில் இறையருளால் கன்றும் இளவரசனும் உயிர்த்தெழுகின்றனர். அருளின் திறம் பாட வந்த நூலுக்கு அது பொருந்தும். இளங்கோவடிகளோ மகன் மீண்டதைச் சொல்லவில்லை. வழக்குரைக்கும் இடத்தில் நீதியின் விலை திரும்பப் பெற இயலாததாய் நிற்பதே வலிமை தருகிறது.

அவையில் சான்றான கதை

அவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குவோம். பிழைப்பு நாடிக் கணவனோடு புகாரை விட்டு மதுரைக்கு வந்தவள் கண்ணகி. ‘நீ யார்?’ என்று பாண்டியன் வினவுகிறான். அவள் தன் பெயரை முதலில் சொல்லவில்லை. கணவன் குடியையும் முதலில் சொல்லவில்லை. ஒரு புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், ஒரு பசுவின் கண்ணீருக்கு மகனையே ஈடாகத் தந்த மன்னனையும் உரைத்து, அவர்கள் வாழ்ந்த ஊரே தன் ஊர் என்கிறாள். அயலூரில் நிற்பவளுக்கு அவளுடைய கதைகளே முகவரியாயின. அவையே அரசனை அளக்கும் கோலுமாயின. பறவைக்கும் பசுவுக்கும் கிடைத்த நீதி தன் கணவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை இதனினும் கூர்மையாக உரைத்தல் அரிது.

புலியும் பாண்டியனும்

இனிப் புண்யகோடிக்கு வருவோம். புலி பசுவின் சொல்லை எளிதில் நம்பவில்லை. பாண்டியனும் கண்ணகியின் சொல்லை நம்பவில்லை. பசு மீண்டு வந்தபோது புலி தெளிந்தது. சிலம்பு உடைந்து மணி தெறித்தபோது மன்னன் தெளிந்தான். இருவரும் உண்மையைக் கண்டபின் உயிர்தரிக்கவில்லை. இரு மொழிகளின் கதைகளும் சொல்லைச் செயலால் சோதித்தே மெய்யென ஏற்கின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆராயாது தீர்ப்பளித்தது பாண்டியனின் குற்றம். புலிக்கோ பசி இயல்பே; அது குற்றமன்று. எனவே புலியின் சாவு அதன் பிழைக்கு மிஞ்சிய தண்டனையாகத் தோன்றுகிறது. பிள்ளை புலிக்காக இரங்கினால் அந்த இரக்கத்தைத் தடுத்தல் ஆகாது.

‘உண்மையே வெல்லும்’ என்று இக்கதைக்கு நீதி கூறுவதுண்டு. புண்யகோடி வெல்வதற்காகத் திரும்பவில்லை. கன்றைத் தன் இனப் பசுக்களிடம் ஒப்படைத்து, சாவது உறுதி என்று எண்ணியே திரும்பியது. புலி மனம் மாறும் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அது வாய்மையன்று, வாணிகம். வெற்றியை வாக்களிக்கும் அந்நீதி வாழ்க்கையில் பலமுறை பொய்த்துப் போகிறது. வெற்றியை எண்ணாமல் நடந்த பசுவின் நடை பொய்ப்பதில்லை. ஆக, கதை பொய், நீதி மெய் என்ற நம் விடையே தலைகீழானது. இங்கே கதைதான் மெய்!

நாம் செய்யத்தக்கது

அல்சூர் ஏரியருகே 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சிலையாக வள்ளுவர் அமர்ந்திருக்கிறார். தீமை பயவாத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் வகுத்தவர் அவர். நம் பாட்டிமார் சொன்ன கதைகள் அத்தகையன. புண்யகோடியைப் பிள்ளைகள் பள்ளியில் கேட்டு வரட்டும். கன்றிழந்த பசுவை நாம் இல்லத்தில் சொல்வோம். இரண்டு பசுக்களும் ஒரு தொழுவத்தில் இனிதே நிற்கும். நீதியை மட்டும் நாம் முந்திக்கொண்டு சொல்லாதிருப்போம். அதனைப் பிள்ளைகளே கண்டடையட்டும். நாளை எவரேனும் அவர்களை ‘நீ யார்?’ என்று வினவுங்கால், கண்ணகியைப் போல் எடுத்துரைக்க அவர்களிடம் கதைகள் இருத்தல் வேண்டும்.