இணையச் செய்தியும் மூலபாட ஆராய்ச்சியும்

பழம் பனுவல்களைப் பதிப்பிக்கும் முறைபற்றி நம் துறைகளிற் பேசப்பட்ட அளவிற்கு, அன்றாடச் செய்தியைச் சான்றாகக் கொள்ளும் முறைபற்றிப் பேசப்பட்டிலது. இக்கால இலக்கியம் பற்றிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் இணையச் செய்திகள் மிகுந்துவருதலின், இக்குறை சிறிதன்று.

அண்மையில் ஆய்வேடு ஒன்றை மதிப்பிடுங்கால், இலக்கியக் கூட்டமொன்றில் எழுத்தாளர் ஒருவர் பேசியது குறித்து மாணவர் எடுத்தாண்டிருந்த செய்தியை, அவர் தந்த முகவரியிற் சென்று யாம் ஒப்பிட்டோம். ஆய்வேட்டிற் கண்ட தொடர் அங்கு இல்லை. அதனினும் மென்மையான வேறொரு தொடரே இருந்தது. மேற்கோளைத் திரித்தார் என்று குறிப்பெழுதவும் முற்பட்டோம். பின்னர், இணைய ஆவணக் காப்பகத்தில் அப்பக்கத்தின் முந்தைய படி ஒன்று கிடைத்தது. மாணவர் எழுதியவாறே அதில் இருந்தது. இதழார் பாடத்தை மாற்றியிருந்தனர். மாற்றியமைக்கு ஒரு குறிப்பும் இட்டிலர். பிழையில்லாத ஓர் இளைஞரின் நேர்மைக்கு எம் எழுதுகோல் இழுக்குத் தேட இருந்ததனை எண்ண இன்றும் நாணுகின்றோம்.

ஏடெழுதினோர் பிழைபடவும் எழுதினர் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அவர்கள் புதிய ஏட்டில் எழுதினர். பார்த்தெழுதிய ஏடு வேறாக நின்றது. சாமிநாதையரவர்கள் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிடுங்கால் பல படிகளை ஒப்புநோக்க இயன்றது அதனாலன்றோ? அச்சிட்ட நாளிதழின் நிலையும் இதுவே. ஒருநாள் வந்த பிழையும் மறுநாள் வந்த திருத்தமும் நூலகத்தில் ஒருங்கே எஞ்சும். இணையப் பக்கத்திலோ திருத்தம் பிழையின் மேலேயே எழுதப்படுகின்றது. முகவரி மாறாது, உள்ளுறை மாறும்.

திருத்திய பாடமே உண்மைக்கு அணித்தாயின் முந்தையது எற்றுக்கு எனின், வினா ஆய்வின் நோக்கத்தைப் பொறுத்தது. எழுத்தாளர் என்ன பேசினார் என அறிவார்க்குப் பிந்தைய பாடம் சிறந்ததாகலாம். அப்பேச்சுக்கு எழுந்த எதிர்ப்பை ஆராய்வார்க்கு முந்தைய பாடமே மூலமாம். ஏனெனின் மக்கள் படித்துச் சினந்தது அதனையே. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘நம்பத்தக்க செய்தி’ என ஒரே சொல்லால் வழங்குதல் திறனாய்வுக்கு ஒவ்வாது.

இருபது தளங்களில் உளது, ஆதலின் உண்மை என்னும் வாதமும் ஆய்வேடுகளிற் காணப்படுகின்றது. ஒரே ஏட்டினின்றும் பெயர்த்தெழுதிய இருபது படிகளை இருபது சான்றாகப் பதிப்பாசிரியர் எவரும் கொள்ளார். ஒரு செய்தி நிறுவனத்தின் அறிக்கையை இருபதின்மர் எடுத்து வெளியிட்டாலும் சான்று ஒன்றே.

இனி, பேணுதல். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38, பத்தாண்டு கழிந்தபின் கிடைத்தில. தமிழுக்கு வேறோர் இடரும் உண்டு. யூனிகோடு பரவுமுன் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென எழுத்துருக்களை அமைத்துக்கொண்டன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்பாடுகள் வகுக்கப்பட்ட பின்னரும் இப்பன்மை உடனே ஒழிந்திலது. ஆதலின் அக்காலப் பக்கம் எஞ்சியிருப்பினும், உரிய எழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளின் குவியலாகவே அது தோன்றும். புள்ளியிடாத ஓலையைப் பொருள்நோக்கிப் படித்த புலவர்க்கும் இஃது இயலாது. எழுத்துமாற்று நிரல் கிடைப்பின் மீட்டல் கூடும். அந்நிரல்களைத் தொகுத்து வைத்தல் நம் துறைகளுக்கு உரிய பணியே என்பது எம் கருத்து.

இணையச் செய்தியை அறவே விலக்குக என்பாரோடு யாம் உடன்படோம். பார்த்த நாளைக் குறித்தலோடு, பார்த்த பக்கத்தின் படியையும் மாணவர் பின்னிணைப்பில் வைத்தல் வேண்டும். காப்பகம் ஒன்றனையே நம்பியிருத்தலும் தகாது. 1996இல் தோன்றிய அவ்விணைய ஆவணக் காப்பகமே 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சின்னாள் முடங்கியது. அது தான் சென்று படியெடுத்த நாளின் பாடத்தையன்றிப் பிறவற்றை அறியாது. மேற்கூறிய செய்திக்கு எமக்குக் கிடைத்த படிகள் இரண்டே. அவற்றினிடையே பதினொரு நாள் இடைவெளி உண்டு. அந்நாள்களில் மூன்றாவதொரு பாடம் இருந்ததோ இல்லையோ, அதனை அவ்விதழாரே அறிவர்.